மகாயுகத்து நாட்டொகை: 157,79,17,500

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது நம் வன்னி வீடுகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. வாக்கிய பஞ்சாங்கம் வருடப்பிறப்புக்கு ஒரு நேரங் கூறும். திருக்கணிதம் வேறொன்று கூறும். மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேடம் எப்போது பெறுவது என்று கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலேயே இரு கட்சி. மிசன் பாடசாலையிற் கணிதங் கற்ற மிடுக்கில், வாக்கியம் வெறும் ஊகம் என்று அம்மப்பா முன்னிலையிற் சொல்லிவிட்டேன். “கணக்கைப் பாத்துப்போட்டுக் கதை, தம்பி” என்றார். பார்த்தேன். அடியில் ஓர் எண் இருந்தது.

கலி 3600 ஆண்டு நிறைந்தபோது, அதாவது கி.பி. 499 இல், தமக்கு 23 வயது என்கிறார் ஆரியபட்டர். (நம் சங்கத்து இளைஞர் பலரின் வயது!) அவர் கணக்கில் ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டு. அக்காலத்தில் பூமி 158,22,37,500 முறை தன்னைத்தானே சுழலும். இது விண்மீன்களை வைத்து எண்ணியது. சூரியனை வைத்து எண்ணினால் ஆண்டுக்கு ஒரு சுழற்சி குறையும். ஆகவே 43,20,000 ஐக் கழிக்க, எஞ்சும் நாட்கள் 157,79,17,500.

இவ்வெண்ணின் அழகு அதனைப் பகுக்கும்போதே புலனாகும். 7,500 ஆல் வகுக்க 2,10,389 வரும். 43,20,000 ஐயும் 7,500 ஆல் வகுக்க 576 வரும். ஆகவே 576 ஆண்டுக்கு மீதமின்றி 2,10,389 நாள். நூற்றைம்பத்தேழு கோடியைக் கடந்த எண், மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க ஆறு இலக்கமாய்ச் சுருங்கிவிட்டது! ஓராண்டுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இதுவே.

மனத்தில் வைத்துக் கணித்ததற்குச் சான்றும் உண்டு. 1825 இற் புதுச்சேரியில் ஜோன் வாரன் என்பார் தமிழ்க் கணிதர் ஒருவரைச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணிக்கச் செய்தார். அவர் தரையிற் சோழிகளை வைத்து, மனனஞ் செய்த வாக்கியங்களைக்கொண்டே கணித்தார். தொடக்கத்திற் பிசகு 4 நிமிடம்; நடுவில் 23; முடிவில் 52. கடைசிப் பிசகு சிறிதன்று. அதனை மூடிமறைத்தல் தகாது. 1829 இல் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூர், விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்திற் கிரகணக் கணக்குப் பிழைத்ததை எடுத்துக்காட்டியதும் நம்மவர் அறிந்ததே.

பிசகின் ஒரு வேர் ஆண்டளவிலும் உண்டு. நாழிகைக் கணக்கை மணியாக்கினால் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். இன்றைய வானியலார் காணும் விண்மீனாண்டு 6 மணி 9 நிமிடம் 10 செக்கன். ஆண்டுக்கு 3 நிமிடம் 20 செக்கன் மிகை. பருவங்களைத் தொடரும் ஆண்டோ இன்னும் குறுகியது; அதனினும் 23 நிமிடம் 45 செக்கன் மிகை. ஆரியபட்டர் காலத்தில் மேடப் பிரவேசமும் இரவுபகல் சமமாகும் நாளும் மார்ச் 21 ஐ ஒட்டி ஒருங்கே நிகழ்ந்தன. அந்த மிகை ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாகச் சேர்ந்து ஏறக்குறைய 25 நாளாயிற்று. நாம் ஏப்ரில் 14 ஐ ஒட்டிப் பொங்குவதன் காரணம் இதுவே.

தாளைக் கொண்டுபோய் அம்மப்பாவிடங் காட்டினேன். “அப்ப ஊகமில்லை?” என்றார். “இல்லை அம்மப்பா, கணக்குத்தான், கொஞ்சம் பிசகின கணக்கு” என்றேன். இவ்வருடமும் மருத்துநீர் வாக்கியப்படியே வைத்தோம்.