வாய்நலமும் வாழ்க்கைத் தரமும்: மதுரைப் பகுதிப் பளியர்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், சாப்டூரை ஒட்டிய மலையடிவாரத்தில் பளியர் வாழ்கின்றனர். பழனிமலையிலும் சிறுமலையிலும் இதே இனத்தார் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்ட மக்களில் பழங்குடியினர் 0.37 விழுக்காடுதான். மாவட்டச் சராசரி எதிலும் இவர்களுடைய பல்வலி தென்படாது. தனியே போய்க் கேட்டால்தான் தெரியும்.

தேன் எடுத்தும் காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்களில் பலர் இன்று தோட்டக்கூலிகள். ரேஷன் அரிசியும் சீனி போட்ட டீயும் அன்றாடமாகிவிட்டால் சொத்தைப்பல் பின்தொடரும். புகையிலை ஈறுகளைக் கெடுக்கும். பாக்கு தனித்தே புற்றுநோய் தரக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. பாக்கை அடக்கி மெல்லுபவருக்குக் கன்னத்தின் உட்புறத் திசு நார்போல இறுகி, வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வரக்கூடும். நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே விட்டுப் பார்த்தால் போதும். நுழையாவிட்டால் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

வாய்நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, கேரி ஸ்லேட் 1997-இல் சுருக்கி வெளியிட்ட 14 கேள்விகள் கொண்ட வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. சாப்பிடச் சிரமமா, நாலு பேர் முன்னால் கூச்சமா, வேலை கெடுகிறதா என்று அது கேட்கும். விடைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடமும் இதைக் கொண்டு ஆய்ந்திருக்கிறார்கள்.

பளியரிடம் இந்தத் தாளை மட்டும் நம்புவது தவறு. 1960-களில் அவர்களோடு தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் மிகக் குறைவாகவே பேசுபவர்கள், நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ மௌனமாகிவிடுபவர்கள் என்று 1966-இல் எழுதினார். இன்றைய இளைஞருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் வெளியாள் ஒருவர் தாளும் பேனாவுமாக நின்றால் வரும் “ஒண்ணுமில்ல” என்ற பதிலை, நோவில்லை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. எந்தப் பக்கத்தில் மெல்லுகிறீர்கள், எதைத் தின்பதை விட்டீர்கள், போன வாரம் எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்று கேட்டால் விடை வேறாக இருக்கும்.

சிகிச்சையைக் கூலிதான் முடிவு செய்கிறது. வேர்ச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பல தடவை வர வேண்டும். பிடுங்க ஒரு தடவை போதும். மலையடிவாரத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வந்துபோனால் ஒருநாள் சம்பளம் போயிற்று. ஆகவே காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்படுகிறது. பல்செட்டுக்கோ அச்செடுக்க, கடி பார்க்க, பொருத்த, உறுத்தும் இடத்தைச் சரிசெய்ய என்று மறுபடி மறுபடி பஸ் ஏற வேண்டும்.