டாம் ஷோல்ஸ்

டாம் ஷோல்ஸ் (பிறப்பு: மார்ச் 10, 1947, டோலிடோ, ஒஹாயோ): அமெரிக்கப் பொறியாளர், இசைக்கலைஞர், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்றுப் போலராய்டு நிறுவனத்தில் பணியாற்றினார்.

ஊதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக்கொண்டு வீட்டின் நிலவறையில் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். வேலை முடிந்த இரவுகளில் கிட்டார், பேஸ் கிட்டார், ஆர்கன் ஆகியவற்றைத் தாமே வாசித்து, ஒவ்வொன்றையும் தனித்தடத்தில் பதிந்து ஒன்றிணைத்தார். இப்பதிவுகளில் பிராட் டெல்ப் முதன்மைப் பாடகர். இம்முறையில் பெரும்பகுதி உருவான ‘பாஸ்டன்’ இசைத்தொகுப்பு 1976இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 1.7 கோடிப் பிரதிகளுக்கான விற்பனைச் சான்று பெற்றது.

1980இல் ஷோல்ஸ் சொந்த நிறுவனம் தொடங்கினார். அங்கு உருவான ‘ராக்மேன்’, கிட்டார் இசையைத் தலையணி ஒலிக்கருவி வழியே கேட்க உதவும் கையடக்க ஒலி மிகைப்பியாகும். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒலிப்பதிவே அவரது வாழ்நாள் தொழிலாயிற்று.