முதலில் ஊசி, பிறகு பயணம்: கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான விழியகத் தொற்று

கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து பாண்டிருப்புக்குத் திரும்பிய ஒருவருக்கு நான்காம் நாள் பார்வை மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் சிவந்திருக்கிறது, நோவு பெரிதாக இல்லை. கல்முனையிலோ, ஏறத்தாழ 40 கிலோமீற்றரிலுள்ள மட்டக்களப்பிலோ ஒரு கண் வைத்திய நிபுணர் அவரைப் பார்க்கிறார். உடனே கண்ணுக்குள் மருந்தைச் செலுத்துவதா, கடிதம் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவதா? மருந்தே முதலில் என்பது என் வாதம்.

கண்ணாடியுடனீரில் குருதிக்கலன்கள் இல்லை. குருதிக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள தடுப்பு, நாளத்தில் ஏற்றும் மருந்தின் பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை. பற்றீரியாவுக்கோ அந்த ஊன்பசை நல்ல வளர்ப்பூடகம். ஆகவேதான் வன்கோமைசின் 1 மில்லிகிராம், செப்டசிடிம் 2.25 மில்லிகிராம் என்று நேரே விழிக்குள் இடுகிறோம். ஒவ்வொன்றும் 0.1 மில்லிலீற்றர், ஊசிகுழலும் தனித்தனி, கலந்தால் வீழ்படிவாகிவிடும்.

அமெரிக்காவில் 420 நோயாளரிடம் நடத்தப்பட்டு 1995 இல் வெளியான எண்டொப்தல்மைற்றிஸ் விற்றெக்டமி ஆய்வு இதில் இன்றும் அடிப்படை. வெளிச்சத்தை மட்டுமே உணர்ந்தவர்களில், கண்ணாடியுடனீரை உடனே வெட்டி அகற்றியபோது 33 வீதத்தினர் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றனர். மாதிரி எடுத்து ஊசி மட்டும் போட்டபோது 11 வீதத்தினரே. கையசைவாவது தெரிந்தவர்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, பலருக்கு விழித்திரைச் சத்திரசிகிச்சை நிபுணர் முதல்நாளே தேவையில்லை. தேவைப்படுவோருக்கும் ஊசி பயணத்தைத் தடுக்கப்போவதில்லை.

நாளவழி மருந்தால் பயனில்லை என்ற அவ்வாய்வின் முடிவை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். அங்கே ஏற்றப்பட்டவை அமிக்கசினும் செப்டசிடிமும். கண்டறியப்பட்ட கிருமிகளில் பெரும்பாலானவையோ அவற்றுக்கு எளிதில் அடங்காத தோல்வாழ் ஸ்டபிலோகொக்கசுகள். குருதிவழி கண்ணுக்கு வரும் தொற்றோ வேறு கதை. அங்கே நாளவழி மருந்து கட்டாயம்.

நீர்ப்பதில் ஒரு தசமம் பிசகினால் விழித்திரையே கருகும் என்று ஆட்சேபிப்பார்கள். உண்மைதான். அதற்கு மருந்தறையில் சுவரிலேயே ஒட்டிய நீர்ப்பு அட்டவணை போதும்; நோயாளியை இரவுப் பேருந்தில் ஏற்றுவது பரிகாரமாகாது.

மருந்துக்கு முன் மாதிரி எடுப்பதை 2023 இன்னும் அவசியமாக்கியது. நுவரெலியாவிலும் கொழும்பிலும் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள், குஜராத்திலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டுமருந்துக்குப் பின் தொற்றுக்குள்ளானதாக அவ்வாண்டு ஏப்ரலில் முறைப்பாடு எழுந்தது. சென்னை நிறுவனமொன்றின் செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட, மருந்தெதிர்ப்புள்ள சூடோமோனாஸ் அமெரிக்காவில் 81 பேரைத் தொற்றியது. 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் இறந்தனர். இத்தகைய கிருமிக்கு செப்டசிடிமை நம்பி இருக்கமுடியாது.

தடுப்பில் மதுரை வழிகாட்டுகிறது. சத்திரசிகிச்சை முடிவில் மொக்சிபிளொக்சசினைக் கண்ணின் முன்னறைக்குள் இட்டபோது தொற்று 0.07 வீதத்திலிருந்து 0.02 வீதமாகக் குறைந்ததென, 6 இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து அரவிந்த் கண் மருத்துவமனைகள் 2017 இல் அறிவித்தன.

அமெரிக்க ஆய்வில் காற்பங்கினருக்கு நோவே இருக்கவில்லை. ஆகவே சக வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘பார்வை குறைந்தால், நோவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே வாருங்கள்’ என்று தமிழில் எழுதி, தொலைபேசி இலக்கத்துடன் கையில் கொடுத்து அனுப்புங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வாசிக்கப் போகிறவர் கண் வெட்டியவர்.