ரெண்டாவது இடத்துல ஒரு சின்னக் கோடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் பண்ண ஒரு கூத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க வெப் சர்வரோட ஆக்ஸஸ் லாக்ல, ஒவ்வொரு வரியிலயும் ஐபி முகவரிக்கு அடுத்து சும்மா ஒரு ஹைஃபன் இருக்கும். லட்சக்கணக்கான வரிகள், எல்லாத்துலயும் அதே கோடு. எதுக்கு இந்தக் குப்பைன்னு ஃபார்மட்ல இருந்து தூக்கிட்டேன். மறுநாள் ரிப்போர்ட்ல, அதிகம் பேர் பார்த்த பக்கம் 'எச்டிடிபி 1.1'ன்னு வந்து நின்னுச்சு! ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் இடைவெளியை எண்ணி ஏழாவதா வர்றதைத்தான் பக்கம்னு எடுத்துக்கும். ஒண்ணைத் தூக்கினதும் எட்டாவது ஏழாவதாயிடுச்சு. திட்டு வாங்கின பிறகுதான் அது யாரோட இடம்னு தேடினேன்.

அது 'ஐடென்ட்'டோட இடம். 1980, 90கள்ல ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ல பல பேர் லாகின் பண்ணி வேலை பார்ப்பாங்க. ஐபி முகவரி தெரிஞ்சாலும் ஆள் தெரியாது. அபார்ட்மென்ட் பேர் இருக்கு, வீட்டு நம்பர் இல்லைங்கிற மாதிரி. அதுக்காக 1985ல ஆர்எஃப்சி 931, அப்புறம் 1993 பிப்ரவரியில ஆர்எஃப்சி 1413. நீங்க சர்வரைத் தொட்டதும், அது திரும்ப உங்க கம்ப்யூட்டரோட 113ஆம் போர்ட்டைத் தட்டி, "இந்த கனெக்‌ஷன் உங்கள்ல யாரோடது?"ன்னு கேட்கும். பதில் வராட்டி ஒரு கோடு.

அப்போ இலினாய்ல ராப் மெக்கூல் எழுதின என்சிஎஸ்ஏ சர்வரும், ஜெனீவாவுல செர்ன் சர்வரும் இருந்தன. ரெண்டு லாக்கையும் ஒரே கருவி படிக்கணும்னு 'காமன் லாக் ஃபார்மட்' வந்தது. செர்ன் ஆவணத்துல ரெண்டாவது கட்டத்தோட பேரே 'ஆர்எஃப்சி931'தான்.

ஆனா வீட்டுக்கு ஒரு பிசி வந்ததும் கதை மாறிடுச்சு. என் கம்ப்யூட்டர் என்ன பேர் வேணா சொல்லும், அதை எப்படி நம்புறது? நடுவுல ஃபயர்வால் இருந்தா கேள்வி போய்ச் சேராது, சர்வர் காத்துக்கிட்டே நிக்கும். 1995ல வந்த அப்பாச்சி, லாக்கை நம்ம இஷ்டப்படி அமைக்க ஒரு மாட்யூல் கொடுத்தது. அதுல இந்தக் கட்டத்துக்கும் இடம் உண்டு. கூடவே, இதை நம்பாதீங்கன்னு அதோட கையேடே சொல்லும்.

எனக்கென்னவோ இது தோத்தது நல்லதுன்னுதான் படுது. ஜெயிச்சிருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க தேடிப் படிக்கிற வியாதி, உங்க லாகின் பேரோட யாரோ ஒருத்தரோட சர்வர்ல பதிவாகியிருக்கும்.

2004ல வெளிவந்த என்ஜின்எக்ஸ்ல ஐடென்ட் கேட்கிற வேலையே கிடையாது. ஆனா அதோட வழக்கமான ஃபார்மட்ல அந்தக் கோட்டைக் கையால அடிச்சு வச்சிருக்காங்க. பழைய ஸ்கிரிப்ட் உடையக் கூடாதே! நோட்ல லாக் எழுதுற 'மார்கன்' மாட்யூலும் அப்படித்தான். ('டெக்ஸ்டர்' சீரியலைப் பார்த்து வச்ச பேர் அது.) இப்ப யாரும் யாரையும் கேட்கிறதே இல்லை, ஆனா "பதில் இல்லை"ன்னு மட்டும் வரிக்கு வரி பதிவாகுது.

நானும் அன்னைக்குச் சாயங்காலமே என் கோட்டைத் திரும்ப வச்சுட்டேன்.