பாலில் கலந்த சர்க்கரை

மும்பைக்கும் சூரத்துக்கும் இடையே ரயிலில் செல்லும் தமிழன்பர்கள் சஞ்சான் என்னும் சிற்றூரைக் கடந்திருப்பர். ஈரானிலிருந்து ஜரதுஷ்டிர சமயத்தார் அடைக்கலம் நாடிக் கப்பலில் வந்து குடியேறிய இடம் அதுவே என்பது பார்சி மக்களின் மரபு.

அவர்களுக்கு அவ்வூர் அரசன் விளிம்புவரை பால் நிறைந்த கிண்ணமொன்றை அனுப்பினானாம். 'இங்கே இடமில்லை' என்பது அதன் குறிப்பு. வந்தவர்களின் குரு அதில் சர்க்கரையைக் கலந்து, ஒரு துளியும் சிந்தாமல் திருப்பி அனுப்பினாராம். இக்கதையைக் கேளாத பார்சிக் குழந்தை இராது.

ஆயினும், இவ்வரலாற்றைக் கூறும் பழைய நூலாகிய 'கிஸ்ஸா-இ-சஞ்சான்' இக்கதையைக் கூறவில்லை. நவ்சாரியில் வாழ்ந்த பஹ்மன் கைகோபாத் என்னும் குரு 1599-இல் பாரசீக மொழியில் இயற்றிய செய்யுள் நூல் அது. குடியேற்றம் எட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பாரும் பத்தாம் நூற்றாண்டில் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழியில் வாழ்ந்த நினைவே ஏட்டில் ஏறியது. அரசன் விதித்த நிபந்தனைகளாக அந்நூல் உரைப்பவை: சமயத்தை விளக்குதல், நாட்டு மொழியைப் பேசுதல், மகளிர் நாட்டு உடையை அணிதல், படைக்கலம் துறத்தல், திருமணத்தை மாலையில் நடத்துதல்.

சஞ்சான் படையெடுப்பால் வீழ்ந்தபோது, குருமார் தம் புனித நெருப்பைப் பஹ்ரோத் மலைக் குகைக்கும், பின்னர் பான்ஸ்தாவுக்கும் நவ்சாரிக்கும் எடுத்துச் சென்றனர். 1742 முதல் அது உத்வாடாவில் எரிகிறது. நெருப்பைக் காத்தவர்களே நினைவையும் காத்தனர்.

நினைவு சமூகத்தைக் காப்பதோடு நிற்பதில்லை; அதற்கு வேலியும் இடுகிறது. பார்சி ஒருவரை மணந்து அச்சமயத்தைத் தழுவிய பிரெஞ்சுப் பெண்மணியைக் குறித்து எழுந்த வழக்கில், 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயம் பிறரை ஏற்க இடந்தருகிறது. ஆனால் பார்சி அறநிலையங்களின் உரிமை, வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களுக்கே என்பது அதன் சாரம். பிறரை மதம் மாற்றுவதில்லை என முன்னோர் அரசனுக்கு வாக்களித்ததாக இன்றும் பலர் கூறுவர். கிஸ்ஸாவில் அவ்வாக்குறுதி காணப்படவில்லை.

1941-இல் இலட்சத்துக்கு மேல் இருந்த இந்தியப் பார்சிகள், 2011 கணக்கெடுப்பில் 57,264 பேரே. பிறரை மணந்த மகளிரின் மக்களை ஏற்பதா என்னும் விவாதம் அவர்களிடையே ஓயவில்லை. இரு சாராரும் சான்று காட்டுவது சஞ்சானையே. பாலில் கலந்த சர்க்கரை கரைவதற்கா, தனித்து நிற்பதற்கா என்பதே அவர்தம் கேள்வி. பிற மாநிலங்களில் குடியேறி, மக்களுக்கு ஊர்க்கதை சொல்லி வளர்க்கும் நமக்கும் அது அயலார் கேள்வி அன்று.