கிளிஞ்சல் மேடும் லெகோ கட்டைகளும்

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரப் படையெடுப்பைச் சொல்லுமிடத்தில் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. நிக்கோபாருக்கு அப்படியொரு கல்வெட்டுச் சான்று உண்டு. அதற்கு வடக்கே வாழ்ந்த அந்தமான் தொல்குடிகளோ எழுத்தில்லாதவர்கள். ஆகவே வரலாறும் இல்லாதவர்கள் எனக் காலனியகால எழுத்தாளர் பலர் அவர்களை எளிதில் ஒதுக்கினர். ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு எறிந்த கிளிஞ்சல்களும் பன்றி எலும்புகளும், உடைந்த பானையோடுகளும் மேடுகளாகக் குவிந்து கிடந்தன. 1870இல் ஸ்டோலிச்கா அம்மேடுகளைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். மேட்டின் உயரத்தை அளக்க முடிந்தது. வயதை அளக்க அன்று வழியில்லை.

வழி அணுக்கருவிலிருந்து வந்தது. 1940களின் இறுதியில் வில்லர்டு லிப்பி உருவாக்கிய கார்பன்-14 காலக்கணிப்பு முறையை விளக்கச் சிறுவர்களின் லெகோ கட்டைகளே போதும். ஆறு சிவப்புக் கட்டைகள் புரோட்டான்கள், எட்டு நீலக் கட்டைகள் நியூட்ரான்கள், இது கார்பன்-14. ஒரு நீலத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் சிவப்பை வைத்தால் ஏழுக்கு ஏழு, இது நைட்ரஜன்-14. கட்டைகளின் எண்ணிக்கை மாறவில்லை, தனிமம் மாறிவிட்டது. உடன் ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஐசோடோப்புகளின் அட்டவணை முழுவதையும் இக்கட்டைகளால் கோபுரங்களாக எழுப்பிக் காட்டினர். பென் ஸ்டில் 2017இல் வெளியிட்ட நூலில் குவார்க்குகளே கட்டைகளாயின. நியூட்ரானுக்குள் இருக்கும் இரண்டு கீழ்க் குவார்க்குகளில் ஒன்று மேல் குவார்க்காக மாறுவதே மேற்சொன்ன நிறமாற்றம்.

கட்டையால் காட்ட இயலாதது காலம். எந்த அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. பெருந்தொகையில் பாதி சிதைய 5,730 ஆண்டுகள் ஆகும் என்று மட்டுமே சொல்லலாம். இதற்குக் கட்டைகளைக் குலுக்கிப் போடுவது பொருந்தாது. அவற்றின் பக்கங்கள் சமவாய்ப்பில் விழா. நாணயங்களைச் சுண்டித் தலை விழுந்தவற்றை ஒவ்வொரு சுற்றிலும் நீக்கிவருவதே நேர்மையான விளையாட்டு.

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் உள்ள மேட்டைத் தொல்லியலாளர் ஜரீன் கூப்பர் அகழ்ந்தார். அங்கு கிடைத்த மிகப் பழைய காலக்கணிப்பு ஏறத்தாழ 2,280 ஆண்டுகள். நூறு நாணயங்களில் எழுபத்தைந்து இன்னும் மேசைமேல் இருக்கும் நிலை அது. கடல் கிளிஞ்சலுக்கு இக்கணக்கை அப்படியே போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் ஏற்கெனவே பழையதாகையால் திருத்தம் தேவை.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இம்மக்களின் முன்னோர் பிற மானிடக் குழுக்களிடமிருந்து பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின என்கிறது மரபணுவியல். மண்ணோ இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. அவர்கள் பிந்தி வந்து குடியேறினர் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. எனினும் பனியூழியில் கடல்மட்டம் இன்றையதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது. அக்காலக் கரையில் எவரேனும் கிளிஞ்சல் குவித்திருந்தால், அம்மேடுகள் இன்று கடலடியில்தான் இருக்கும்.