பூவும் நாரும்

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது தமிழ் மக்களின் நாவிற் பழகிய முதுமொழி. நல்லாரைச் சார்ந்தவர் நலம் பெறுவர் என்னும் கருத்தை விளக்குதற்கே அது பெரிதும் வழங்கப்படுகின்றது. ஆயினும் அம்மொழியைச் சற்று நின்று நோக்குவார்க்கு மற்றொரு செய்தியும் புலப்படும். பூவைப் பாடிய புலவர் பலர். நாரை நினைந்தவர் மிகச் சிலர். நார் இல்லையேல் மாலை ஏது? உதிரிப் பூக்களே எஞ்சும். பூவைத் தாங்கி நிற்கும் நார், ஊசி, ஈர்க்கு, ஓலைப்பெட்டி ஆகிய எளிய கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்கின், அவ்வரலாறு ஒரு கைத்தொழிலின் கதையாக மட்டும் அமையாது, ஒரு கரையின் நலத்தோடு பிணைந்த கதையாகவும் விளங்கும்.

பண்டைத் தமிழர் பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகையாகப் பகுத்தனர். மரக்கிளையில் மலர்வது கோட்டுப்பூ. கொடியில் மலர்வது கொடிப்பூ. தாமரையும் ஆம்பலும் நீர்ப்பூ. செடியில் மலர்வது நிலப்பூ. மாலைக்கும் அவர்கள் பல பெயர் வைத்தனர். கண்ணி, தார், கோதை, தெரியல், பிணையல், தொடையல், கோவை என்பன அவற்றுட் சில. இப்பெயர்களுள் பிணையல், தொடையல், கோவை என்பன செய்யும் முறையாற் பிறந்தவை. பிணைப்பது பிணையல், தொடுப்பது தொடையல், கோப்பது கோவை. கையின் தொழிலே மொழிக்குப் பெயர் தந்தது என்பது இதனாற் பெறப்படும். பூ விற்கும் பெண்ணைப் புறநானூறு காட்டுவதால், இத்தொழில் சங்க காலத்திலேயே ஒருவர்க்குப் பிழைப்பாக அமைந்திருந்தமையும் தெளிவாகின்றது.

தொடுப்பதற்குத் தமிழர் தேர்ந்தெடுத்த பொருள் வாழைநார். குலை ஈன்று முடிந்த வாழையின் பட்டைகளை உரித்து, நாராகக் கிழித்து, உலர்த்தி வைப்பர். வேண்டும்பொழுது அதனை நீரில் நனைத்து மெல்லிய இழைகளாகப் பிரிப்பர். நனைந்த நார் தட்டையாகவும் மென்மையாகவும் இருத்தலின், மல்லிகையின் இளங்காம்பை அறுக்காது பற்றிக் கொள்ளும். பருத்தி நூலோ மெல்லியது. இறுக்கினால் காம்பை வெட்டிவிடும். அன்றியும் நாரில் தங்கிய ஈரம் பூ விரைவில் வாடாதபடி காக்கும். இரண்டு பூக்களை ஒரு பக்கமும் இரண்டு பூக்களை எதிர்ப்பக்கமும் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சிட்டு, அடுத்த இணைக்கு விரல்கள் விரையும். விழா முடிந்தபின் மாலை எறியப்படுமாயின், பூவும் நாரும் ஒருங்கே மண்ணாகும். ஏவிய பணியை முடித்துவிட்டுச் சுவடின்றி நீங்கும் ஏவலாளனைப் போன்றது வாழைநார்.

இனிக் கல்முனைக் கரையோரத்துக்கு வருவோமாயின், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள், தமிழ் இந்துக்களின் ஊர்களோடு இடையிட்டுக் கடலோரமாக நிரல்பட அமைந்திருத்தலைக் காணலாம். முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நிலம் 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டத்துள் அமைந்தது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையே மணற்பாங்கான குடியிருப்பு. மணலில் தென்னையும், வேலியோரத்திலே தாழையும், கிணற்றடியில் வாழையும் மல்லிகையும், வயற்புறக் குளங்களில் தாமரையும் ஆம்பலுமாகப் பூவும் பூத்தொடுக்கும் பொருளும் ஒரே நிலத்தில் விளைந்தன.

இம்மக்களின் இல்வாழ்க்கையில் ஒரு சிறப்பு உண்டு. குடி என்பது தாய்வழி வருவது. திருமணத்தின்போது வீடு மகளுக்குச் சீதனமாக அளிக்கப்படும்; மணமகனே மணமகளின் இல்லம் புகுவான். மாப்பிள்ளை ஊர்வலமாக வரும்போது பெண்கள் குரவையிட்டு வரவேற்கும் வழக்கமும் இப்பகுதியில் இருந்து வந்தது. ஆதலின் மணச்சோடனை என்பது பெண்வீட்டாரின் பெருமை. அயல்வீட்டாரும் உறவினரும் முதனாள் இரவிற் கூடி, ஒருவர் பூவை ஆய, ஒருவர் நாரைக் கிழிக்க, மூத்தவர் தொடுக்க, இளையவர் பார்த்துப் பழகுவர். பூத்தொடுக்கும் கலைக்கு வேறு பள்ளி வேண்டியதில்லை; கலியாண வீட்டுத் திண்ணையே பள்ளியாயிற்று.

மணவீட்டுக்கு அடுத்தபடியாகக் குறிப்பிடத்தக்கது கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசல். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் அங்குக் கொடியேற்று விழா நடைபெறும். ஆண்டகையின் அடக்கத்தலம் சோழமண்டலக் கரையிலுள்ள நாகூரில் உள்ளது. கல்முனையில் இருப்பது நினைவிடமே. தென்னாட்டுத் தர்காக்களில் சந்தனமும், பன்னீரும், பூப்போர்வையும் வழிபடுவோரின் காணிக்கையாக அமைந்தன. பூப்போர்வை என்பது சரங்களைப் பக்கம்பக்கமாக இணைத்து விரிப்பாக்குவது. ஒரு சரம் தொடுப்பதினும் பன்மடங்கு பொறுமை வேண்டுவது. பன்னீர் தெளிக்கும் நெடுங்கழுத்துச் செம்பு மணவீட்டுக்கும் தர்காவுக்கும் பொதுவான கருவியாயிற்று.

பூவைத் தொடுப்பது ஒரு தொழில். பூவை நிறுத்துவது மற்றொரு தொழில். தென்னங்குருத்தோலையை மடித்துத் தோரணமாக்கினர். ஓலையின் நடுநரம்பாகிய ஈர்க்கு, காம்பற்ற பூவுக்குக் காம்பாயிற்று. வெட்டிய வாழைத்தண்டு நீர் நிறைந்தது. அதில் ஈர்க்கைக் குத்தி நிறுத்தினால் பூ சாயாது நிற்கும். பறித்த பூவை வைக்கப் பனையோலைப் பெட்டி. அதன்மேல் ஈரத்துணி அல்லது வாழையிலை. இவற்றுக்கெல்லாம் விலை மிகச் சிறிது. பல வீடுகளில் விலையே இல்லை.

பூவை எவ்வாறு நிறுத்துவது என்னும் வினாவுக்கு உலகத்தின் பிற நாட்டாரும் தத்தம் முறையில் விடை கண்டனர். யப்பானில் புத்தர் திருமுன் படைத்த மலர்களிலிருந்து இக்கெபானா என்னும் கலை பிறந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் கியோத்தோ நகரத்து இக்கெனோபோ மரபினரால் வளம் பெற்றது. பிற்காலத்தில் அவர்கள் கென்சான் என்னும் கருவியைக் கையாண்டனர். கனத்த உலோகத் தட்டில் நெருங்கிய முட்களைப் பதித்த அக்கருவி, நீர்த்தட்டினுள் மறைந்திருந்து பூங்கொம்பைத் தாங்கும். ஆண்டுகள் பல உழைக்கும். ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரத்துக் குயவர் பதினேழாம் நூற்றாண்டில், ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு வாய் அமைந்த சாடிகளைச் செய்தனர். இங்கிலாந்தில் 1929ஆம் ஆண்டு பூச்சோடனைக் கடை தொடங்கிய கொன்ஸ்ரன்ஸ் ஸ்பிறை அம்மையார், கோழிக்கூட்டுக்கு இடும் கம்பிவலையைச் சுருட்டிச் சாடிக்குள் வைத்துப் பூக்களை நிறுத்தினார். 1953ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவிலும் பூச்சோடனைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே பெருமாற்றம் நிகழ்ந்தது. 1954இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வேர்னன் சிமிதேர்ஸ் என்பவர், பீனோல் பிசினாலாகிய நுரைக்கட்டியைப் பூச்சோடனைக்கென விற்பனைக்குக் கொணர்ந்தார். ஒயாசிஸ் என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவிற்று. உலர்ந்தபோது தக்கைபோல் இலேசானது. நீரில் இட்டால் தன் நிறையினும் பன்மடங்கு நீரை உறிஞ்சும். எந்தத் திசையில் குத்தினாலும் காம்பைப் பற்றும். பயிற்சி இல்லாதவரும் ஒரு மணி நேரத்தில் மேடையைச் சோடித்துவிடலாம். வாழைத்தண்டு செய்த பணியை அது விரைவாகவும் துப்புரவாகவும் செய்தது. நாரின் இடத்தையோ நைலோன் நூலும் கம்பியும் பற்றின. முடிவில் பூவின் இடத்தையே பிளாஸ்ரிக் பூ பற்றியது.

இம்மாற்றத்தை மக்களின் அறியாமை என்று இகழ்தல் நேர்மையன்று. கல்முனையின் வெயிலில் நண்பகலுக்குள் மல்லிகை வாடும். பூத்தொடுப்பவர் இரவெல்லாம் விழித்திருந்து பெறும் கூலியோ சிறிது. பிளாஸ்ரிக் மாலை வாடாது. ஒருமுறை வாங்கினால் பல விழாவுக்கு உதவும். ஏழைக் குடும்பத்தின் மகளுக்கும் நிறைந்த சோடனை கிட்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. மகள்மார்க்கென்று கட்டிய வீடுகள் போயின. முற்றத்து வாழையும் மல்லிகையும் உடன் போயின. அத்தகைய இழப்பின் பின் வீடு எழுப்புவதே முதற்கடமை; கொடி நடுவது அதற்குப் பின்னரேயாம்.

ஆயினும் வாடாத பூவுக்கும் மக்காத கட்டிக்கும் கொடுக்கவேண்டிய விலை வேறு வடிவில் வந்தது. நுரைக்கட்டி நொறுங்கி நுண்துகளாகி நீரிற் கலக்கின்றது என்றும், அதிலிருந்து கசியும் பொருள்கள் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்கின்றன என்றும் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்து ஆர்.எம்.ஐ.ரீ. பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் அறிவித்தனர். 2021 முதல் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் அதனை விலக்கியது. அம்பாறை மாவட்டத்திலோ இத்தீங்கு ஆய்வுகூடத்துக்கு வெளியே கண்கூடாயிற்று. பள்ளக்காடு என்னுமிடத்தில் குப்பை கொட்டும் நிலத்துக்கு இரைதேடி வரும் காட்டு யானைகள் பிளாஸ்ரிக்கை உண்டு மாண்டன. எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்தன என்னும் செய்தி 2022 சனவரியில் உலகறிய வெளியாயிற்று. அக்குப்பை முழுவதும் பூமாலையன்று. ஆயினும் மக்காத பொருள் எதுவும் ஓரிடத்திற் சென்று சேர்ந்தே ஆகவேண்டும் என்னும் உண்மையை அது உணர்த்திற்று.

2023 அக்டோபர் முதலாம் நாள் தொடக்கம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்ரிக் பொருள்கள் சிலவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் இலங்கை அரசு தடைசெய்தது. உறிஞ்சுகுழாய், கோப்பை, கரண்டி, இடியப்பத்தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் பூமாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பூமாலையின் நெடிய வரலாற்றில், அதன் பொருள் யாதாக இருக்கவேண்டும் என்று சட்டம் பேசிய அரிய தருணம் அது. எனினும் சட்டம் ஒன்றை விலக்க வல்லதேயன்றி, விலக்கப்பட்டதன் இடத்தில் வேறொன்றை ஆக்கித்தர வல்லதன்று. கடையிலிருந்து பிளாஸ்ரிக் மாலை நீங்கும் நாளில் நார் கிழிக்கத் தெரிந்த விரல்கள் ஊரில் இல்லையாயின், அந்த வெற்றிடத்தை மற்றோர் இறக்குமதிப் பொருளே நிரப்பும்.

அவ்விரல்கள் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதே ஆறுதல். ஒரு வாழையின் நாரை உலர்த்தி வைக்கவும், ஒரு சரம் தொடுக்கவும் சிறுவருக்குக் கற்பிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அறிந்த மூத்தாள் ஒருத்தியும் ஓர் இரவும் போதும். தொடுப்பவரின் உழைப்புக்குத் தக்க கூலி கொடுக்க மணவீட்டார் உடன்படுவரேல் அத்தொழில் தானே நிலைக்கும். பூவோடு சேர்ந்து மணம் பெற்ற நார், பூவோடு சேர்ந்தே மண்ணுக்கும் திரும்பிற்று. பூவைத் தாங்கும் பொருள் எதுவாயினும், அது பூவைவிட நெடுநாள் பூமிக்குச் சுமையாகாதிருத்தல் வேண்டும் என்பதே கல்முனைக் கரையின் பழைய கைவினை விட்டுச்சென்ற பாடமாகும்.